கழற்ற மறந்த மைக்

அவள் படித்தது தொடர்பியல். மூன்று வருஷமாக அந்த வார்த்தையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே வாய் வலித்துப் போயிருந்தது. "டிவியில செய்தி வாசிப்பியா?" என்பார் பெரியப்பா. "ஃபோன் கம்பெனி வேலையா?" என்பாள் சித்தி. அப்பாதான் எல்லாருக்கும் சேர்த்து ஒரே போடாகப் போடுவார்: "ஜனங்ககிட்ட எப்படிப் பேசணும்னு படிக்கிறா." அடுப்படியிலிருந்து அம்மா விடமாட்டாள். "அதுக்கு எதுக்குக் காலேஜு? எங்கிட்ட விட்டிருந்தா ஒரே வாரத்துல முடிச்சிருப்பேன்."

சிரிப்பெல்லாம் கடைசி வருஷம் வரைக்கும்தான். அந்த வருஷம் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுக்க வேண்டும். பத்து நிமிஷம், ஒரே ஒரு மனிதர், அவருடைய வேலை. அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. கூடப் படித்தவர்கள் தீயணைப்பு வீரர், பிணவறை ஊழியர் என்று ஆள் தேடி அலைந்தார்கள். இவள் அலையச் சோம்பல்பட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா ஒரு ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தின் வாசலில் காவலாளி. உள்ளே வரும் வண்டிகளின் நம்பரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தடுப்புக் கம்பியைத் தூக்குவார். படம்பிடிக்க அங்கே மானேஜர் அனுமதி கொடுத்தார். கல்லூரியில் திரையிடும்போது தன்னையும் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

கேமராவைப் பார்த்ததும் அப்பா மரக்கட்டையாகிவிட்டார். வீட்டில் வாய் ஓயாமல் கதை அளக்கிற மனுஷன், "நான் காலை ஆறு மணிக்கு எனது பணியைத் தொடங்குவேன்" என்று பாடம் ஒப்பித்தார். ஆசிரியர் இரண்டு தடவை படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது அடையாள அட்டைம்மா, படம் இல்ல. இவர் யாருன்னே தெரியலையே. இன்னும் ஒரு வாய்ப்புத்தான், பார்த்துக்கோ."

மறுபடியும் போய் எடுத்தாள். பேட்டி முடிந்ததும் கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனாள். அப்பாவின் காலரில் குத்தியிருந்த குட்டி மைக்கை மட்டும் கழற்ற மறந்துவிட்டாள். தனக்குள்ளேயே பதிவு செய்துகொள்கிற மைக்; அது பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஓடியிருக்கிறது.

மறுநாள் கல்லூரியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். முதலில் லிஃப்ட் ஓட்டுகிறவரின் குரல். "அண்ணே, நம்பர நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

"சொல்லு தம்பி. வண்டி நெறந்தான் தெரியுது. நம்பரெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே."

"காட்டி? மானேஜர் காதுக்குப் போச்சுன்னா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவாரு. பாப்பா படிப்பு முடியற வரைக்கும் இழுத்துட்டாப் போதும்டா. அப்புறம் கண்ணு போனாப் போகட்டும்."

அவள் அழுதாள். உட்கார்ந்த இடத்திலேயே, பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள். ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அழுதுகொண்டே அந்த இடத்தில் ஒரு குறியும் போட்டு வைத்தாள், படத்துக்கு ஆகுமே என்று. அந்த அளவுக்கு நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆசிரியரிடம் போட்டுக் காட்டினாள். அவர் கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "இதான் உன் படம். ஆனா அவருக்குத் தெரியாம பதிவானது. போய் விஷயத்தைச் சொல்லு. சம்மதம்னா கையெழுத்து வாங்கிட்டு வா" என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார். திரையிடும் நாளில் முன் வரிசையில் அந்த மானேஜர் உட்கார்ந்திருப்பார் என்பது அவளுக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தத் தாளை வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரியைக்கூட அவள் எடுக்கவில்லை. "படத்துக்கு உங்க கையெழுத்து வேணும்பா" என்று மட்டும் சொன்னாள். கதை சொல்கிற எனக்கே அவள் மேல் கோபம்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்பா தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டே கொண்டுவந்தார். உதடுகள் அசைந்தன. பக்கம் முழுவதும் பொடி எழுத்து. "எல்லாம் சரியா எழுதியிருக்காங்க" என்றார். பேனாவை வாங்கி, விரலால் தாளின் அடியைத் தடவி, முழுப் பெயரையும் நிதானமாகப் போட்டார்.

படிவத்தின் கீழே இரண்டு கோடுகள் இருந்தன. மேலே 'சம்மதம்', அதற்கு அடியில் 'சம்மதமில்லை'. அவர் அடியில் போட்டிருந்தார்.

அவள் பைக்குள் அதே படிவத்தின் இன்னொரு பிரதி, எழுதாதது, இருந்தது. கை அது வரைக்கும் போனது.

"சரியான இடத்துலதானே போட்டேன்?"

"சரியான இடந்தான்பா" என்றாள்.

மறுநாள் ஆசிரியர் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டாரா?"

"ஆமா சார். ஒரு வரி விடாமப் படிச்சார்."

ஆசிரியர் படிவத்தைக் கோப்பில் வைத்தார். மிச்சமிருந்ததை ஒட்டுப் போட்டு, பணியை ஆறு மணிக்குத் தொடங்குகிற அதே படத்தை அவள் மூன்றாவது தடவையாகக் கொடுத்தாள். தேறவில்லை.

ரிசல்ட் வந்த சாயங்காலம், அப்பா வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். முடிச்சு கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தேடினார். "ஃபெயிலாயிட்டேன்பா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துக் குடுக்கணும்" என்றாள்.

அவர் நிமிர்ந்து, அவள் முகம் இருந்த பக்கமாகப் பார்த்துச் சிரித்தார். "அட, இதுக்கா இப்படி உட்கார்ந்திருக்க? ஆறு மாசந்தானே பாப்பா. இழுத்துடலாம்."

ஹெட்போனில் கேட்ட அதே வார்த்தை, அதே குரல். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டதில், இன்னும் ஆறு மாசம் அந்த வாசலிலேயே அவரை நிற்க வைத்துவிட்டாள். கீழே உட்கார்ந்து, அவர் ஷூ முடிச்சை அவளே அவிழ்த்தாள்.

"அப்பா, அன்னைக்குப் பேட்டி முடிஞ்சதும் உங்க காலர்ல இருந்த மைக்கக் கழட்ட மறந்துட்டேன்பா."

அப்பாவின் சிரிப்பு நின்றது. கை தானாகக் காலருக்குப் போனது.