கரண்டி மூக்குப் பறவைக்கு ஒரு சாட்சி

சிராங்கூன் சாலையில் காதர் மைதீனின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை ஒரு மேசை அகலம்தான். ஒருநாள் எள்ளைவிடச் சிறிய திருகாணி ஒன்று இடுக்கியிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்துவிட்டது. எதிரே வாடிக்கையாளர் சிடுசிடுவென்று நின்றிருந்தார். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மருதப்பன் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். வாடிக்கையாளர் தெருவைப் பார்த்த நேரத்தில் மேசை ஓரத்தில் எதையோ வைத்துவிட்டு நடையைக் கட்டினார். அந்தத் திருகாணிதான். அதைப் பற்றி அவர் பிறகு வாயே திறக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத்தான் 1958இல் சோதனை வந்தது.

மருதப்பன் ஒரு கழிமுகத்தில் மதகுக் காவலர். தண்ணீருக்குள் நட்ட தூணில் சிவப்பு வளையம் பூசியிருக்கும். கடல் ஏறி அதைத் தொட்டதும் சங்கிலியைச் சுற்றிக் கதவை இறக்க வேண்டும். தவறினால் பின்னாலிருக்கும் குடிசைகளுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிடும். ஐப்பசியில் எங்கிருந்தோ வந்திறங்கும் சேற்றுப் பறவைகளில் ஒன்றுக்கு மூக்கு நுனி கரண்டிபோல் விரிந்திருக்கிறது என்று அவர் சொல்லப்போக, மேலாளாக இருந்த மண்டோர் பரமசிவம் பிடித்துக்கொண்டார்.

"மூக்குல கரண்டியா? நாளைக்குச் சட்டியும் தூக்கிட்டு வரும் லா! உனக்குக் கண்ணு போச்சு. வளையம் எப்படித் தெரியும்? திங்கக்கிழமை ஆபிசுக்கு எழுதிடுறேன், வேற ஆளைப் போடட்டும்."

"நீங்களே வந்து பாருங்க."

"நான் சேத்துல நிக்கணுமா? நம்புற மாதிரி ஒரு சாட்சியைக் கொண்டா."

ஞாயிறு நண்பகல் தொழுகையை முடித்துவிட்டுக் காதர் மைதீன் கிளம்பினார். கடைசி நிறுத்தம்வரை பஸ், அப்புறம் செம்மண் பாதையில் நடை.

"அண்ணே, முன்கூட்டியே சொல்லிடுறேன். பாத்தாத்தான் பாத்தேன்னு சொல்லுவேன். உங்களுக்காகக்கூடப் பொய் வராது."

"தெரியும் பாய். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

அலையாத்தி மரங்களுக்கு இடையே இருவரும் குந்தினார்கள். சேற்றில் நூறு பறவைகள் மேய்ந்தன. "அதோ, இடது பக்கம் மூணாவது," என்றார் மருதப்பன். இருபது வருடம் பூதக்கண்ணாடிக்குள் குனிந்தே கிடந்த காதர் மைதீனின் கண்ணுக்கு எல்லாம் கூழாங்கற்களாகத் தெரிந்தன. நாளைக்குத் தான் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இந்த மனிதரின் சோறு இருக்கிறது.

"பொறுங்க. தண்ணி ஏற ஏற நம்ம பக்கம் தள்ளி வரும்."

தண்ணீர் ஏறியது. சேறு சுருங்கச் சுருங்கப் பறவைகள் நெருங்கி வந்தன. ஐம்பது முழம். நாற்பது. கொசு பிடுங்கியது, காதர் மைதீன் கையை அசைக்கவில்லை. குருவியைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் பறவை ஒன்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு பத்து முழத்துக்குள் வந்துவிட்டது. மூக்கு நுனி மட்டும் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

மருதப்பன் எழுந்தார். "வளையத்தைத் தொட்டுருச்சு பாய். நான் போகணும்."

காதர் மைதீன் திரும்பிப் பார்த்தார். வளையத்தை விடுங்கள், தூணே அவருக்குத் தெரியவில்லை.

"ரெண்டு நிமிசம் இருங்கண்ணே! சங்கிலிச் சத்தத்துல எல்லாம் பறந்துரும்!"

"குடிசைல பிள்ளைங்க தூங்குதுங்க பாய். நான் மதகுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாத்துக்குங்க." குனிந்தபடியே ஓடினார்.

காதர் மைதீன் கண்ணைக் கொட்டாமல் பார்த்தார். 'யா அல்லா, ஒரு தடவை நிமிரவை.' மருதப்பனின் காலடி பலகைமேல் ஏறும் ஓசை கேட்டது. பறவை இன்னும் நிமிரவில்லை. சங்கிலியின் கொக்கி விடுபட்டது. அந்தச் சின்ன ஓசைக்குப் பறவை தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் திரும்பியது.

கறுப்புக் கரண்டி. தட்டையாக, நுனியில் நீர் சொட்ட.

மறு கணம் சங்கிலி கடகடத்தது. நூறு பறவைகளும் ஒன்றாக எழுந்து போயின.

திங்கள் காலை பரமசிவம் கேட்டார்: "பாய், அல்லா மேல ஆணையா?"

"பாத்ததுக்கு ஆணை எதுக்குங்க? கரண்டியை நான் பாத்தேன். ஆனா வளையத்தை அவரு பாத்தாரு. எனக்குத் தூணே தெரியலை."

பரமசிவம் எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேலும் ஏழு வருடம் அதே மதகைக் காத்துவிட்டு, மகளோடு இருக்க மருதப்பன் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் காதர் மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐப்பசில மண்டோரை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க பாய். பாவம், அவரு மட்டும் இன்னும் பாக்கலை."