குட்டித் தோட்டாவும் கடைசி மூன்று தகடுகளும்

பிள்ளைகளே, அன்றைக்கு நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

மெல்பேர்னுக்கு வெளியே, பழைய கௌபாய் காலத்துத் தொப்பி போட்டுக்கொண்டு இலக்குகளைச் சுடும் போட்டி. லீவரை இழுத்து இழுத்துச் சுடும் என் ரைஃபிளில், பழைய ரிவால்வரின் குட்டித் தோட்டாவும் ஓடும். உதைப்புக் குறைவென்று அதையே நிரப்பினேன். முன்பு ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் சுட்டுப் பார்த்திருந்தேன். தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் அடிக்குழாய் நிறைய நிரப்பிப் பார்க்கவில்லை.

இலக்காக நிறுத்தியிருந்த பத்து இரும்புத் தகடுகளில் ஏழு டாங் டாங் என்று விழுந்தன! இன்னும் மூன்று விழுந்தால் கோப்பை எனக்கு. என் மகள், "அப்பா, கமோன்!" என்று கத்தினாள். லீவர் இறுகி நின்றது. பலம் கொண்டமட்டும் அமுக்கப் போனேன்.

"தம்பி, அமுக்காத! கையத் தூக்கு!"

கத்தியவர் மலேசியத் தமிழரான சிவா அண்ணன். எனக்கு அடுத்த இடத்தில் நின்ற போட்டியாளர். துப்பாக்கி முனையை இலக்கை விட்டு அசைக்காமல் கையைத் தூக்கினேன். கை தூக்கி நடுவரைக் கூப்பிட்டால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது; ஆட்டம் போயிற்று.

நடுவரோடு வந்து பார்த்த சிவா அண்ணன் சிரித்தார். "தோட்டா குட்டையா இருக்குல்ல, மிச்ச இடத்துல அடுத்த தோட்டா தலைய விட்டிருச்சு லா. அமுக்கியிருந்தா நசுங்கி வெடிச்சிருக்கலாம்."

கோப்பைக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். என் ரைஃபிளிலிருந்து கடைசித் தோட்டா வெளியே வரும்வரை அவர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை.

காரில் மகள், "அப்பா, ஆர் யூ சேட்? கவலையா?" என்றாள்.

"இல்லையம்மா, நல்ல சந்தோசமா இருக்கிறன்."

பொய்யில்லை. அவ்வளவு ஆசையிலும் என் கை ஒரு சொல்லுக்கு நின்றதே!