புரட்டாசியில் மாடியேறிய மீன்

அமெரிக்கா போய்த் திரும்பும் மாமாக்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். என் மாமா கொண்டுவந்தது ஒரு கல். அந்தத் தட்டைக் கல்லுக்குள் முள்முள்ளாக ஒரு மீன். அதன் வாயில் பாதி நுழைந்த இன்னொரு சின்ன மீன். பெரியதன் பெயர் டிப்ளோமிஸ்டஸ். பல கோடி வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் ஏரியில் நீந்தியதாம், இப்போது அந்த இனமே பூமியில் இல்லையாம்.

“முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல பாப்பா. அப்படியே செத்துப்போச்சு” என்றார் மாமா. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தங்கியிருந்தது முடிச்சூரில் எங்கள் வீட்டில். தன் தம்பியின் வேலையைப் பற்றி அம்மா பெருமையடிக்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

“ஒரு சென்ட் பாட்டில் வாங்க வழியில்ல, கல்லைத் தூக்கிட்டு வந்திருக்கான்” என்று திட்டிக்கொண்டேதான் அதை ஷோகேஸில் வைத்தாள். எனக்கு அந்த மீன் மேல் உயிர்.

புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் அசைவம் நுழையாது. மீன்சட்டியைப் பரணில் ஏற்றிய அம்மா ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் கல்தானே என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

“கல்லா இருந்தா என்ன, முள்ளு தெரியுதில்ல?”

மீன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய்ச் சேர்ந்தது.

காய்ச்சலில் பள்ளிக்கு லீவு போட்ட ஒரு நாள், அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் மீனைப் பார்க்க வெளிப்பக்கப் படிக்கட்டில் மேலே ஏறினேன். தொட்டி நிழலில் மாமா உட்கார்ந்திருந்தார். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனவர். இன் பண்ணிய சட்டையும் ஷூவும் அப்படியே இருந்தன, கழுத்தில் அடையாள அட்டையைத்தான் காணோம். மடியில் மீன்.

“ஆபீஸ் இல்லையா மாமா?”

“போதும்னு சொல்லிட்டாங்க பாப்பா. அம்மாகிட்ட சொல்லிடாத.”

எவ்வளவு நல்ல கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் டீச்சர் ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஏன் இத்தனை களைப்பு என்பதுதான் விளங்கவில்லை. அந்தக் களைப்பை இப்போது நான் வேலைக்குப் போகும் சிறுசேரி பஸ்ஸில் தினமும் பார்க்கிறேன், சில நாள் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்திலேயே.

ஐப்பசி முதல் நாள் அப்பா வஞ்சிரம் வாங்கிவந்தார். மாமா கிளம்பிப் போன பிறகு, கல்லை எடுத்துவர அம்மா மாடிக்குப் போனாள். நான் படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டேன். போன சுருக்கில் வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

“மீன் எங்கம்மா?”

“கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.”

ராத்திரி சாப்பாட்டில் பெரிய துண்டெல்லாம் மாமா தட்டில் விழுந்தது. மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு ஒரு குடையையும் அவர் கையில் கொடுத்தாள் அம்மா.

“எடுத்துட்டுப் போடா. மழை வந்தா அங்க ஒதுங்க இடமில்ல.”

அவ்வளவு பெரிய கம்பெனியில் மழைக்கு ஒதுங்க ஓர் இடம் இல்லையென்று அம்மாவுக்கு யார் சொன்னது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மாமா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து, வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்தார்.