ஜப்பான் மாப்பிள்ளையின் மஞ்சள் கயிறு

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. திண்டுக்கல் பேகம்பூரில், முகமது பாரூக்கின் தோல்பொருள் கடையில் செபாஸ்தியம்மாளை முதன்முதலாகக் கண்டேன். என் அண்ணன் மகள் சொர்ணலட்சுமியின் திருமணத்துக்குப் படம் எடுக்க அவரை அமர்த்துவதற்காகத் தேடிச் சென்றிருந்தேன். அவரோ தன் கேமராவுக்கு வார் தேடிக்கொண்டிருந்தார். கடையில் தொங்கிய வார்களை ஒவ்வொன்றாகக் கேமராவில் பூட்டிக் கழுத்தில் மாட்டினார். குனிந்தார், நிமிர்ந்தார், ஸ்டூலின் மேல் ஏறி இறங்கினார். செருப்பு வாங்க வந்தவர்கள் செருப்பை மறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு, மணமாகவில்லை. ஒரு ஸ்டுடியோவில் படங்களுக்கு மெருகு தீட்டும் வேலையில் சேர்ந்து, பிறகு கேமராவும் பழகியவர். ஆண்கள் நுழைய முடியாத இடங்களுக்கு மட்டும் அவரை அனுப்புவார்கள். பேகம்பூர் வீடுகளின் உள்ளறைகளில் எத்தனையோ மணப்பெண்களை அவர் படம் எடுத்திருந்தார். ஆனால், ஊரார் முன்னிலையில் மணமேடை அருகே நின்று தாலிகட்டைப் படம் எடுக்கும் வாய்ப்பு ஒருமுறைகூட அவருக்குக் கிடைத்ததில்லை. அண்மையில்தான் சொந்தமாக ஒரு பழைய ஜப்பான் கேமராவை வாங்கியிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. இந்த ஒரு கல்யாணம் நன்றாக அமைந்தால் மற்ற வீடுகளும் கூப்பிடும், தவறினால் பழையபடி உள்ளறைதான் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

திருமணம் ஆத்தூருக்கு அருகில் ஒரு கோயிலின் வெளிமண்டபத்தில் நடக்கவிருந்தது. தோல்பொருள் எதையும் அங்கே அனுமதிக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவேண்டியதாயிற்று. பாரூக் செபாஸ்தியம்மாளின் கையிலிருந்த வாரைத் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டினார்.

"தோல் விக்கிற நானே தோலு வேணாம்னு சொல்ற நெலம வந்துருச்சு தங்கச்சி. நைலான் எடுத்துக்கறியா?"

"நைலானு வேர்வையில வழுக்கும்ண்ணே. ஸ்டூலு மேல நின்னு குனியிறப்ப நழுவிருச்சுன்னா, பொண்ணு மாப்ளைக்கு அட்சதை விழாது, கேமராதான் விழும்."

மிஞ்சியது பருத்தி நாடா ஒன்றே. அதுவும் கறுப்பு; மணமேடைக்கு முன்னால் கறுப்பு வந்தால் என் அண்ணி பந்தலையே பிரித்துவிடுவார். எனவே செபாஸ்தியம்மாள் சின்னாளபட்டிக்குச் சென்று, தமக்குத் தெரிந்த நெசவாளர் மாலதியிடம் கெட்டியான பருத்தி நூலை முறுக்கிப் பின்னித் தரச் சொன்னார். வெள்ளை அழுக்காகும் என்று தள்ளினார். சிவப்பைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். சாயம் கையில் ஒட்டியது. சுங்குடிச் சேலைக்கென்று சாயமேற்றி வைத்திருந்த மஞ்சள் மட்டும் எத்தனை முறை நனைத்தும் நிறம் விடவில்லை. தண்ணீர் நிறைந்த செம்பை அந்தக் கயிற்றில் கட்டித் தெருவில் நின்று சுழற்றிப் பார்த்தாராம். கயிறு தாங்கியது.

இரண்டு நாள் கழித்து அதை என்னிடம் காட்டினார். நானும் மெச்சினேன். உறுதி, நிறம், வேர்வை, கோயில் விதி, அண்ணியின் மனம் என்று அனைத்தையும் ஆராய்ந்த எங்களுக்கு, ஒரு பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தால் ஊர் அதை எவ்வாறு பொருள்கொள்ளும் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

ஆவணி முகூர்த்த நாளன்று, விடிந்தவுடன் செபாஸ்தியம்மாள் ஆத்தூர் பஸ்ஸில் ஏறினார். புழுதிக்கு அஞ்சிக் கேமராவை முந்தானைக்குள் மறைத்திருந்ததால் கழுத்தில் கயிறு மட்டுமே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பூக்காரம்மாள் அதைப் பார்த்துவிட்டு, புதுப்பெண் தனியாக வருகிறாளே, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். செபாஸ்தியம்மாளுக்கு விளையாட்டுப் புத்தி.

"அவரு ஜப்பான்காரரு ஆத்தா. பேச மாட்டாரு. ஒத்தக் கண்ணுதான், ஆனா பார்வை தெளிவு."

பூக்காரம்மாள் இரக்கப்பட்டு, ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அவர் தலையில் வைத்துவிட்டார். இந்தப் பேச்சைக் கண்டக்டர் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதே பஸ் திண்டுக்கல் திரும்பியதும் செய்தி நேராக இன்னாசிமுத்துவைச் சென்றடைந்தது. இன்னாசிமுத்து பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். செபாஸ்தியம்மாளின் மூத்த அண்ணன். தங்கைக்கு மாப்பிள்ளை தேடித் தேடிச் சலித்தவர். மேல்நோக்கி முறுக்கிவிட்ட பெரிய மீசை அவருடைய பெருமை.

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஓமப்புகை படாமலிருக்கச் செபாஸ்தியம்மாள் கேமராவை மறுபடி முந்தானையால் மூடிக்கொண்டு ஸ்டூலின் மேல் நின்றார். அப்போது இன்னாசிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணமேடை வரை வந்துவிட்டார்.

"ஏம்மா செபா, பெத்தவ கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? அதுவும் ஒத்தக் கண்ணனாம்ல!"

"அண்ணே, செத்த நேரம் சும்மா இரு. தாலி எடுத்துட்டாக."

"நீ மொதல்ல எறங்கு. கழுத்துல கெடக்குறது தாலிக்கயிறு இல்லேன்னு சொல்லிரு, இந்தா, இந்த மீசைய இங்கனயே எடுத்துர்றேன்."

என் அண்ணன் எழுந்தார். நான் இன்னாசிமுத்துவின் கையைப் பற்றினேன். அவர் அசையவில்லை, தங்கையின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டூல் ஆடியது. புரோகிதர் கை உயர்த்தினார், கெட்டிமேளம் முழங்கியது.

செபாஸ்தியம்மாள் முந்தானையை விலக்கிக் கேமராவை எடுத்தார். மஞ்சள் கயிறும் அதனோடு சேர்ந்து மேலே வந்தது. ஒரு கால் ஸ்டூலிலும் மறு கால் மணமேடையின் விளிம்பிலுமாக, உடலை முன்னே சாய்த்துப் படம் எடுத்தார். பிறகு திரும்பிக்கூடப் பாராமல், கேமராவோடு கம்பியால் இணைந்திருந்த பிளாஷ் விளக்கை அண்ணன் கையில் திணித்தார்.

"இதத் தூக்கிப் பிடிண்ணே. பொண்ணு மொகத்துல நெழலு விழுது."

இன்னாசிமுத்து தூக்கிப் பிடித்தார். மூன்றாம் முடிச்சு விழும்வரை அந்தக் கை தாழவில்லை. அவர் பார்வை மட்டும் அந்தக் கயிற்றின் மீதே இருந்தது. அதன் இரு முனைகளும் கேமராவின் இரு காதுகளில் முடிந்திருப்பதை அவர் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டார்.

மேளம் ஓய்ந்ததும் மண்டபம் முழுவதும் அவருடைய மீசையைப் பார்த்தது. காலையில் மாப்பிள்ளைக்கு முகச்சவரம் செய்த பொன்னழகு தூணோரம் உட்கார்ந்திருந்தார். அவர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கத்தி தீட்டித் தயாராக இருக்கிறது என்று பணிவாகத் தெரிவித்தார். பெண்கள் பக்கம் சிரிப்புப் பரவியது. இன்னாசிமுத்து தங்கையை ஏறிட்டுப் பார்த்தார். செபாஸ்தியம்மாளோ புது பிலிம் சுருளை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப வேணாம் பொன்னழகுண்ணே. பந்தியப் படம் எடுக்கணும், வெளக்குப் பிடிக்க ஆளு வேணும்."

தாலிகட்டுப் படம் இன்றும் அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்த உறவினர்கள் அடுத்த தை மாதமே நிலக்கோட்டைக்கும் கொடைரோட்டுக்கும் செபாஸ்தியம்மாளை அழைத்தார்கள். மணமேடை அருகே அவருக்கென்று ஓர் இடம் நிலைத்துவிட்டது. ஓய்வு நாள்களில் பிளாஷ் விளக்குடன் பின்னால் வந்தவர் இன்னாசிமுத்துதான். மாப்பிள்ளை தேடும் பேச்சை அவர் அத்துடன் விட்டுவிட்டார். கல்யாண வீடுகளில் யாரேனும் அந்த மீசையைச் சுட்டி, வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதுண்டு. அப்போதெல்லாம் செபாஸ்தியம்மாள் வெளிச்சம் போதவில்லை, கையை இன்னும் உயர்த்து என்று மட்டும் அண்ணனிடம் சொல்வார். மீசையை ஒருநாளும் கேட்டதில்லை.