மாமாவோட நொடி முள்ளும் என் இன்டர்வியூவும்

இன்னிக்கு காலைல... ஆறு வருஷத்துல முதல் தடவையா ட்ரெயின மிஸ் பண்ணேன்!

அதுவும் இன்டர்வியூ அன்னிக்கு!

அதுவும் நானே என் கையால வாட்ச ரிப்பேர் பண்ணி! (சிரிக்காதீங்க. சரி, கொஞ்சமா சிரிச்சுக்கோங்க.)

நேத்து ஞாயித்துக்கிழமை. இன்டர்வியூவ நெனச்சு எனக்கு இருப்பே கொள்ளல. படிச்சது எதுவும் மண்டைல ஏறல. கிச்சன் மேடைய மட்டும் மூணு தடவ தொடச்சேன்.

டென்ஷன் வந்தா நான் பழைய வாட்ச் எதையாவது தொறந்து வச்சு உக்காந்துடுவேன்னு உங்களுக்குத் தெரியும். வீட்ல ரிப்பேர் பண்ண மிச்சம் இருந்தது மாமனார் கைல கட்டியிருந்தது ஒண்ணுதான்!

மாமா மைன்ஸ்ல வேல பாத்தவரு. வாட்சும் அந்தக் காலத்துது, சாவி குடுக்கணும். நொடி முள்ளு கழண்டு கண்ணாடிக்குள்ள சும்மா கெடந்துச்சு.

"குடுங்க மாமா, அர மணி நேரத்துல மாட்டித் தரேன்."

"படிக்கிறத வுட்டுட்டு இன்னாம்மா இது?"ன்னாரு. ஆனா கழட்டிக் குடுத்துட்டாரு.

நொடி முள்ளுக்கு அடியில ஒரு குட்டிப் பித்தளைக் குழாய் இருக்கும். அதுதான் டயல் நடுவுல இருக்குற ஊசில போய் உக்காரும். கடுகுல பாதி கூட தேறாது. அது முள்ளுல இருந்து விட்டுப் போயிருந்துச்சு.

கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு ட்வீசர்ல புடிச்சேன்.

டிக்! பறந்துடுச்சு.

"யாரும் நகராதீங்க! யாரும் பெருக்காதீங்க!"

கால தூக்கின வீட்டுக்காரர் அப்படியே நின்னுட்டாரு. (பாவம், பாத்ரூம் கெளம்பினவரு.)

மாமாதான் டார்ச்ச எடுத்து தரையில படுக்க வச்சாரு.

"மேலேர்ந்து அடிச்சா தெரியாதும்மா. இப்டி வச்சா தூசிக்கும் நெழலு வுழும். அண்டர்கிரவுண்ட்ல இப்டித்தான் தேடுவோம்."

விழுந்துச்சு நெழலு! கட்டில் கால் ஓரமா!

மாமா டீ குடிக்கக் கெளம்பிட்டாரு. நான் குழாய முள்ளோட ஓட்டைல சொருகி, மொன மழுங்கின ஊசிய வச்சு ஒரே ஒரு தட்டு தட்டினேன். ஓரம் விரிஞ்சு கவ்விக்குச்சு. மூச்ச புடிச்சுக்கிட்டு எடத்துல உக்கார வச்சேன்.

ஓடுச்சுங்க!

அப்பத்தான் கவனிச்சேன், வாட்ச் பத்து நிமிஷம் ஃபாஸ்டா காட்டுது. பழசு, அப்படித்தான் இருக்கும்னு போன பாத்து கரெக்ட் டைம் வச்சேன். மாமா வந்து காதுல வச்சுக் கேட்டுட்டு, சந்தோஷமா கட்டிக்கிட்டாரு.

இப்ப ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டு அலாரமே மாமாதான். (சுவர் கடிகாரத்துல செல் தீந்து நாலு மாசம் ஆச்சு. ஊர் வாட்சுக்கெல்லாம் நான் டாக்டரு!) காலைல வாட்ச பாத்து "மணி ஆறும்மா, கெளம்பு!"ம்பாரு. நானும் போன்ல டைம் கூட பாக்காம பைய மாட்டிக்கிட்டு கெளம்புவேன்.

மாரிகுப்பம் ஸ்டேஷன் போனா ட்ரெயின் எப்பவும் எனக்காக நிக்கும். எப்பவும் ஜன்னல் சீட்டு. ஆபீஸ்ல எனக்கு பங்க்சுவல்னு பேரு வேற!

இன்னிக்கும் கூப்டாரு. கெளம்பினேன். ஸ்டேஷனுக்குள்ள நுழையறேன், கடைசிப் பொட்டியோட முதுகு தெரியுது.

ஓடினேன். ரெண்டு நிமிஷம். ரெண்டே ரெண்டு நிமிஷத்துல போச்சு. பிளாட்ஃபார்ம்லயே அழுகை வந்துடுச்சு.

மாமாவுக்கு போன் அடிச்சேன். "லேட்டா கூப்டீங்களா மாமா?"

"இல்லியேம்மா, ஆறு ஆன ஒடனே கூப்டேனே." அவரே கேட்டாரு, "நேத்து டைம் எதுனா மாத்தினியா?"

"ஆமா மாமா, பத்து நிமிஷம் ஃபாஸ்டா இருந்துச்சு, சரி பண்ணேன்."

"ஐயய்யோ! அது நான் வச்சதும்மா!"

அப்புறம் சொன்னாரு. "சுரங்கத்துக்குள்ள எங்கள எறக்குற கேஜ், அந்த இரும்புக் கூண்டு, யாருக்காவும் நிக்காது. வுட்டா அன்னிக்கு ஷிஃப்ட் போச்சு. அதனால எல்லாரும் பத்து நிமிஷம் முன்ன தள்ளித்தான் வைப்போம். மைன்ஸ மூடினதும் நான் டைம சரியா வச்சிக்கினேன். இனிமே நான் எங்க போவணும்? நீ வேலைக்குப் போன மொத நாளுதான் மறுபடியும் தள்ளி வச்சேன்."

"ஆறு வருஷமா சொல்லவே இல்லியே மாமா!"

"சொன்னா நீ பத்து நிமிஷத்த கழிச்சிக்கினு தூங்குவியேம்மா!"

(உண்மைதான். தூங்கியிருப்பேன்.)

கண்ண தொடச்சுக்கிட்டு கம்பெனிக்கு போன் போட்டேன். பன்னெண்டு மணிக்குள்ள வந்தா பாக்குறோம்னாங்க. அதுக்கு மேல முடியாதாம்.

இப்ப அடுத்த ட்ரெயின்ல நின்னுக்கிட்டே டைப் பண்றேன். ஜன்னல் சீட்டெல்லாம் இல்ல. பங்காருபேட்டை தாண்டியாச்சு, நூறு தடவ டைம் பாத்தாச்சு.

இப்பத்தான் மாமாவே கூப்டாரு.

"எதுவர போயிருக்கம்மா?"

"வந்துட்டே இருக்கேன் மாமா. நீங்க வாட்ச பழையபடி பத்து நிமிஷம் தள்ளி வச்சிடுங்க."

"வச்சிட்டேம்மா. புது ஆபீஸு இன்னும் தூரம்னு சொன்ன இல்ல? பதினஞ்சா வச்சிட்டேன்."