ஓரகத்தி மகளுக்கு வந்த சம்பந்தம்

கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு யாரும் முகம் சுளிக்காதீர்கள். உங்களுக்கும் வயிறு இருக்கிறதே!

என் பெயர் ஜெயராணி. வீடு நெய்யூர் பக்கம். என் கணவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், பெபா. ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வயது இருபத்தெட்டு ஆகியும் ஒரு சம்பந்தமும் கூடி வரவில்லை. வருவார்கள், காப்பி குடிப்பார்கள், போவார்கள். அதன்பிறகு ஒரு போன்கூட வராது. நான் அழாத ராத்திரி இல்லை.

அடுத்த காம்பவுண்டில் என் கொழுந்தன் வீடு. அவர் மனைவி ஸ்டெல்லா எனக்கு இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய மூத்த மகளுக்குக் கத்தார் மாப்பிள்ளை கிடைத்தான். கல்யாணத்துக்கு ஊரே திரண்டது. என் மகளைவிட இளைய பிள்ளை! பந்தலில் சிரித்துக்கொண்டே நின்றேன், உள்ளே பற்றி எரிந்தது. ஸ்டெல்லா பெருமை பேசினாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்க்கலாம். அவள் பேசவும் மாட்டாள். எதைக் கேட்டாலும், "எல்லாம் கர்த்தருடைய கிருபை அக்கா" என்பாள். அந்தக் கிருபை என் வீட்டு வாசல் தாண்டி அவள் வீட்டுக்குப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வருடம் ஈஸ்டர் கழிந்ததும் தரகர் ஒரு துபாய் இன்ஜினியர் மாப்பிள்ளையைச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கத்தாரை மிஞ்ச துபாய்! "கர்த்தாவே, உம்முடைய வழியைக் காட்டும்" என்று முழங்காலில் நின்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. வழியை நான் முன்னமே முடிவு செய்துவிட்டேன், அவர் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி. வேதத்தில் பெண் தேடிப் போன ஊழியக்காரன் கிணற்றடியில், தண்ணீர் கொடுக்கிறவளே அந்தப் பெண் என்று அடையாளம் கேட்டானே, அதுபோல நானும் கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என் மகளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டால் அதுவே உம்முடைய சித்தம் என்று சொன்னேன்.

சொன்னவள் சும்மா இருந்தேனா? ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வறுக்கும்போது எண்ணெயில் உப்புத் தண்ணீரை இரண்டு மடங்கு ஊற்றினேன். தின்றால் தாகம் எடுக்குமே! கர்த்தருக்கு ஒத்தாசை செய்கிறேனாம்.

அவர்கள் வந்தார்கள். அந்த அம்மா ஒரு சிப்ஸைக் கடித்தார். முகம் கோணியது. நான் பெபாவைக் கண்ணால் தள்ளினேன். அந்த அம்மாவோ கைப்பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். "வெளித் தண்ணி எனக்கு ஒத்துக்கிடாது" என்று சொல்லி மடமடவென்று குடித்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது.

அதோடு போனதா? மறுநாள் தரகர் போன் செய்தார். "அக்கா, வருத்தப்படக் கூடாது. உங்க பிள்ளை சரிப்படல்லையாம். காப்பித் தட்டு கொண்டுவந்த பிள்ளையைக் கேக்குதாவ."

தட்டு கொண்டுவந்தது ஸ்டெல்லாவின் இளைய மகள் ஷைனி. ஒத்தாசைக்கு நான்தான் கூப்பிட்டிருந்தேன். என் கர்த்தாவே! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "உமக்கு ஸ்டெல்லாவைத் தவிர வேறு ஆளே கிடைக்காதா?" என்று அவரிடமே கத்தினேன். பெபா பக்கத்து அறையில் இருக்கிறாள் என்ற நினைப்புகூட இல்லை.

இரண்டொரு நாள் கழித்து ஸ்டெல்லா வந்தாள். உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இந்தச் சம்பந்தத்தை நாங்க தேடிப் போகல்ல. நீங்க ஜெபிச்சுச் சொல்லுங்க. நீங்க வேண்டாமுன்னா வேண்டாம்."

எங்கள் சபையில் இது வழக்கம். வீடு வாங்க, வேலை மாற, கிணறு தோண்ட, எதற்கும் பெண்கள் என்னிடம் வந்து, "ஜெபிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். நானும் சொல்லுவேன். இப்போது ஸ்டெல்லாவும் கேட்டுவிட்டாள். "கர்த்தர் வேண்டாம்னு சொல்லிட்டாரு." இந்த ஒரு வரியை நான் சொன்னால் போதும், துபாய் முடிந்தது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை முற்றம் பெருக்கும்போது அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். "கர்த்தர்" என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடியும் சொன்னேன், வரவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். பயத்தில் அழுகை வந்தது. இதுவரைக்கும் மற்றவர்களுக்கு அவர் பெயரால் சொன்னேனே, அதில் எது அவர் சொன்னது, எது நான் சொன்னது? சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, தரிசனம் ஒன்றும் காணவில்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. என்னைத் தெரியும், நான் இப்படிக் கேட்கிறவள் இல்லை.

அழுத முகத்தோடேயே அடுத்த காம்பவுண்டுக்குப் போனேன். ஸ்டெல்லா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, நான் ஜெபிச்சுச் சொல்ல மாட்டேன். என்கிட்ட கர்த்தர் பேசல்ல. என் பொறாமைதான் பேசுது. நீ ஷைனிகிட்ட கேளு. மாப்பிள்ளையப் பத்தி நல்லா விசாரி. நீயே முழங்கால் போடு."

மீனும் கையுமாக எழுந்தாள். பிறகு சொன்னாள்: "அக்கா, நீங்க வேண்டாமுன்னு சொல்லியிருந்தா அது கர்த்தர் சொன்னதுன்னுதான் நான் நம்பியிருப்பேன்."

ஒரு பிள்ளையின் வாழ்க்கை என் நாக்கு நுனியில் இருந்திருக்கிறது. மீன் நாற்றத்தோடேயே அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் அழுதோம்.

வீட்டுக்கு வந்து பெபாவைக் கூப்பிட்டேன். "மக்கா, உனக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேணும்?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"அம்மா, எனக்கு துபாய் வேண்டாம். ஆஸ்பத்திரி வேலையை விடவும் மனசில்ல. உங்ககிட்ட சொல்லப் பயம். அதான் அவுங்க வேண்டாமுன்னு சொல்லணும்னு ஜெபிச்சேன். தரகர் போன் வந்த பெறவு ரூமுக்குள்ள போயி ஸ்தோத்திரம் சொன்னேன்."

நான் சோறு தின்னாமல் கிடந்த அதே நாளில்! பக்கத்து அறையில்!

ஷைனிக்கு அந்தத் துபாய் மாப்பிள்ளையோடேயே கல்யாணம் ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறாள். பெபாவுக்கு இன்னும் ஆகவில்லை. கல்யாண ஆலோசனை ஏதாவது வந்தால் முதலில் அவளிடம் கேட்கிறேன், பிறகு இரண்டு பேருமாக ஜெபிக்கிறோம். யாருக்கும் இப்போது நான் ஜெபித்துச் சொல்வதில்லை. கூட உட்கார்ந்து ஜெபிக்கிறேன், அவ்வளவுதான். பொறாமை போயே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஷைனி துபாயிலிருந்து போட்டோ அனுப்பினால் இன்றைக்கும் சுருக்கென்று குத்தும். உடனே அதைக் கர்த்தரிடம் சொல்லிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொள்வதில்லை.

அருமையான சகோதரிகளே, பிள்ளைகளுக்கு வழி கேட்டுக் கண்ணீரோடு காத்திருக்கிறீர்களா? அவரை நம்பிக் கேளுங்கள். உள்ளே எரிவதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் அதற்காக விரட்டமாட்டார். நான் கேட்டதை அவர் தரவில்லை. என்னிடமிருந்து என் மகளைக் காப்பாற்றித் தந்தார். அவருக்கே நன்றி.