கொட்டகை ஆணியில் நான்காவது டேக்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, துணி துவைக்கும் மெஷினின் பம்பைக் கழற்றியது. நான் வீட்டில் தரையில் கவிழ்ந்து படுத்திருந்தேன். அவர் வெளிநாட்டில், தன் கட்டிலில் உட்கார்ந்து, போன் திரைக்குள் இருந்தார்.

"டார்ச்சை மேலே தூக்கு. இன்னும். ஆங், அந்த மூடிதான். முதல்ல பிளக்கைப் பிடுங்கினியா?"

"பிடுங்கிட்டேன்ப்பா."

"காட்டு."

காட்டிய பிறகுதான் அடுத்த திருகாணிக்குப் போனார். நான் ஒரு சிமென்ட் ஆலையில் கருவிப் பொறியாளர். ஒன்பது வருட அனுபவம். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. பம்புக்குள்ளிருந்து அம்மாவின் ஹேர்பின் ஒன்றும் சட்டைப் பித்தான் ஒன்றும் வந்தன. மெஷின் ஓடியது.

"ஞாயித்துக்கிழமை லீவு. பசங்க மலை ஏறலாம்னு கூப்பிடறாங்க" என்றார்.

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. இதுல மலை வேறயா?"

"அது நம்ம வீட்டு மாடி. மேலே போனா நீ நிப்பே. அதான் மூச்சு வாங்குது."

அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அது வியாழக்கிழமை.

அப்பாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு பெரிய மருத்துவமனையின் ஏசி பிளான்ட்டில் பதினாறு வருடமாக ஃபோர்மேன். அவர் நாளெல்லாம் இருந்தது தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத ஓர் அறையில். அங்கே ஆள் உயரத்துக்கு மோட்டார்களும், மனிதன் நுழையக்கூடிய காற்றுக் குழாய்களும் இருந்தன. அங்கே ஒரு விதி. மின்விசிறிக்குள் இறங்குகிறவன் முதலில் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை, அதாவது டேக்கை, மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் அவனேதான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. டேக் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

எல்லா ஆலைகளிலும் இந்த விதி உண்டு. எங்கள் ஆலையிலும் உண்டு. ஆனால் அப்பா அளவுக்கு அதைக் கட்டிக்கொண்டு அழுதவரை நான் பார்த்ததில்லை. காரணத்தை அவர் சொன்னதேயில்லை. அம்மாதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவர் ஒரு நூற்பாலையில் உதவியாளராக இருந்தாராம். பெரிய விசிறி ஒன்றைப் பழுது பார்த்து முடித்த பிறகு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று மேலிருந்து குரல் கேட்டது. "வந்தாச்சு" என்று அப்பா கத்தினார். ஒருவர் வரவில்லை. அவருக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போனது.

அதன்பின் 'எல்லாரும்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. விடுமுறைக்கு வந்தால், சாப்பிட்டாச்சா என்று எங்களைத் தனித்தனியாகக் கேட்பார்.

மலைக்குப் போனவர்கள் நான்கு பேர். அப்பா. வெல்டர், அவரோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். எலக்ட்ரீஷியன், பேச ஆரம்பித்தால் நிறுத்தாததால் 'ரேடியோ' என்று பெயர். நான்காவது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத பொருத்துநர். சேர்வதற்கு முந்தின மாதம்தான் கல்யாணம் ஆனதால் அவன் 'புது மாப்பிள்ளை'. நடந்ததை இந்த மூவரும் எனக்குச் சொன்னார்கள். நேரங்களை மட்டும் அப்பாவின் போனிலிருந்து எடுத்தேன். டாக்டர் நடக்கச் சொன்னபோது நான்தான் அதில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தேன். நிமிடத்துக்கு ஒரு முறை அவர் நிற்கும் உயரத்தை அது எழுதி, கோடாக வரைந்து வைக்கும்.

காலை எட்டு மணிக்கு, வந்த வேனையும் டிரைவரையும் அடிவாரக் கேட்டில் விட்டுவிட்டு ஏறத் தொடங்கினார்கள். மூங்கில் காடு, வழுக்கும் வேர்கள், ஓர் ஓடை. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். பத்தே முக்காலுக்குத் தகரக் கொட்டகையை அடைந்தார்கள். அதற்கு மேல் மரம் கிடையாது. ஒரு மணி நேரம் பாறை ஏற வேண்டும். அதில் ஓரிடத்தில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நடக்க வேண்டும்.

கொட்டகைத் தூணில் வரிசையாக ஆணிகள் இருந்தன. அப்பா சாவிக்கொத்திலிருந்து தன் டேக்கைக் கழற்றி ஓர் ஆணியில் மாட்டினார். "ஆளுக்கு ஒண்ணு மாட்டுங்க. இறங்கி வரும்போது அவனவன் டேக்கை அவனவன் எடுக்கணும்."

"அண்ணே, மலையை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றார் ரேடியோ.

"சுவிட்ச் எங்கேன்னு தெரிஞ்சா பண்ணியிருப்பேன்."

சிரித்துக்கொண்டே அவரவர் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மாட்டினார்கள். நான்கு ஆணி, நான்கு டேக்.

உச்சியில் சாப்பிட்டு முடிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை என்றார் வெல்டர். ஒன்றே முக்கால் மணிக்குப் பார்த்தபோது புது மாப்பிள்ளையைக் காணோம். அரை மணி நேரம் கத்தினார்கள். முன்னால் இறங்கியிருப்பான், கொட்டகையில் இருப்பான் என்று முடிவு செய்து, மழையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள். மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொட்டகை. அங்கே ஆள் இல்லை. ஆணியில் அவன் டேக் தொங்கியது.

வெல்டரும் ரேடியோவும் தங்கள் டேக்குகளை எடுத்துக்கொண்டார்கள். அப்பா எடுக்கவில்லை.

"நேரா கீழே போயிருப்பான்ணே" என்றார் வெல்டர்.

"போயிருந்தா இது ஏன் தொங்குது?"

"மறந்திருப்பான்."

"மறந்திருந்தா நல்லது. நான் சும்மா ஒரு நடை நடந்தவனாப் போயிடுவேன். மறக்கலைன்னா அவன் மேலே எங்கேயோ விழுந்து கெடக்கான்."

"அப்ப நாங்களும் வர்றோம்."

"மூணு பேரும் மேலே போனா கீழே யார் பாக்கறது? ஓடை ஏறிடும். இப்பவே இறங்குங்க. இங்கே போன் சிக்னல் கிடையாது. அவன் கீழே இருந்தா வேன் ஹாரனை மூணு தடவை அடிங்க. இல்லைன்னா கேட்ல சொல்லி ஆள் கூட்டிட்டு வாங்க."

ரேடியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "அண்ணே, உங்க வயசென்ன, மழை என்ன. பிடிவாதம் பிடிக்காதீங்க."

"வயசைப் பத்தி வீட்டுக்காரி ஏற்கெனவே சொல்லியாச்சு. கையை விடு."

மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அப்பா ஏறத் தொடங்கினார்.

மற்ற இருவரும் ஓடினார்கள். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை இப்போது இடுப்பளவு. ஒருவர் பெல்ட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். நடுவில் ரேடியோவின் கால் நழுவியது. வெல்டர் அவரை இழுத்துக் கரையில் போட்டார். "அந்த ஒரு தடவைதான்மா இவன் பேசாம இருந்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்து இருபதுக்குக் கேட்டை அடைந்தார்கள். புது மாப்பிள்ளை வேனின் பின் இருக்கையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். வெல்டர் அவனை ஓர் அறை விட்டார். பிறகு ஹாரனை மூன்று முறை அடித்தார். நிறுத்தி, மறுபடி மூன்று. இருட்டும்வரை அடித்தார். பேட்டரி இறங்கிவிடும் என்று டிரைவர் தடுத்தும் கேட்கவில்லை.

போனில் உள்ளது இது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அப்பா உச்சியில் இருந்தார். பதினோரு நிமிடம் அங்கேயே சுற்றியிருக்கிறார். நான்கு ஒன்பதுக்கு இறங்கத் தொடங்கினார். மெதுவாக, நிமிடத்துக்கு இரண்டு மூன்று மீட்டர். நான்கு முப்பத்தொன்றுக்கு, ஒரே நிமிடத்தில் அறுபத்தொரு மீட்டர். அதன்பின் உயரம் மாறவில்லை. முதல் ஹாரன் அடித்தபோது அந்தக் கோடு நாற்பத்தொன்பது நிமிடமாக நேராக இருந்தது.

மறுநாள் காலை மீட்புக்காரர்கள் இரும்புக் கயிற்றுக்குக் கீழே அவரைக் கண்டெடுத்தார்கள். கொட்டகையில் இரண்டு டேக் தொங்கின. புது மாப்பிள்ளை தன்னுடையதை எடுத்தான். அப்பாவுடையதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை என்றார்கள்.

நான் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். நான்கு கட்டில் போட்ட அறையில் அப்பாவின் கட்டிலில் உட்கார வைத்தார்கள். புது மாப்பிள்ளை கதவருகிலேயே நின்றான்.

"அக்கா, என்னைத் திட்டுங்க."

"கொட்டகையைத் தாண்டும்போது மணி என்ன?"

"பாக்கலக்கா. ரெண்டரை இருக்கும்."

"ஏன் சொல்லாம இறங்கினே?"

அவன் தரையைப் பார்த்தான். "வயித்தால போச்சு. கழிப்பறை கீழே கேட்லதான் இருக்கு. சொன்னா ரேடியோ அண்ணன் வருஷம் பூரா கிண்டல் பண்ணுவார்னு..."

"டேக்?"

"கொட்டகைக்குள்ள போகவேயில்லக்கா. ஓடிட்டேன்."

ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஆலையில் விபத்து நடந்தால் அறிக்கை எழுதுவது என் வேலை. மூல காரணம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். விமானத்தில் வரும்போதே அதை மனதில் நிரப்பி வைத்திருந்தேன்: இவன் பெயர். எதிரில் அவனைப் பார்த்த பிறகும் அந்தப் பெயரை அழிக்க முடியவில்லை. வயிறு சரியில்லாத ஓர் ஆளின் வெட்கத்துக்காக என் அப்பா அறுபத்தொரு மீட்டர் விழுந்திருக்கிறார். "போ" என்றேன். போய்விட்டான்.

அவன் போன பிறகு ரேடியோ பேசினார். "அவனும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆறு மாசம் முடியுது. வேலையை நிரந்தரமாக்க ஃபோர்மேன் கடுதாசி குடுக்கணும். திங்கக்கிழமை கெடு. அண்ணன் இப்படி ஆனதால வியாழன் வரைக்கும் தள்ளியிருக்காங்க. எங்க பிளான்ட்ல அண்ணனைத் தவிர வேற யாரும் எழுத முடியாது."

"அவன் என்கிட்ட சொல்லலையே."

"எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்லுவான்?"

புதன்கிழமை சாமான்களைக் கட்டினேன். ஆறு சட்டைகள், இரண்டு மூக்குக் கண்ணாடிகள், அம்மாவுக்கென்று வாங்கிய கை மிக்ஸி ஒன்று, பெட்டி பிரிக்காமல். பிறகு பிளான்ட்டில் அவர் மேஜையைக் காலி செய்தேன். இழுப்பறையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். மேலே அப்பாவின் கையெழுத்தில் 'பணியாளர் பிரிவு, திங்கள் காலை'. கவர் ஒட்டியிருக்கவில்லை. படித்தேன்.

அச்சடித்த படிவம். கட்டங்களை ஒன்று விடாமல் நிரப்பியிருந்தார். கருத்து என்ற இடத்தில் நான்கு வரி. 'வேலை தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறான். கூச்ச சுபாவம், கேட்டால்தான் பேசுவான், கேட்க வேண்டும். நிரந்தரம் செய்யலாம்.' கீழே கையெழுத்து. தேதி, மெஷினைப் பிரித்த அதே வியாழக்கிழமை.

மூன்றாவது வரியை இரண்டு முறை படித்தேன்.

பணியாளர் பிரிவு எங்கே என்று வெல்டரிடம் கேட்டேன். மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்தகத்தைத் தாண்டி இரண்டாவது கதவு என்றார். அப்பாவின் பிளான்ட்டிலிருந்து படியேறினால் மூன்று நிமிடம். காலை எட்டு மணிக்குத் திறக்கும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவர் அங்கே போயிருக்க வேண்டும். வியாழக்கிழமை எட்டு மணிக்குக் கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு நான் போனேன்.